கலமும் கருவியும்: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

முன்னுரை

ஒரு தொழிலை அறிய விரும்புவோர் அத்தொழிலுக்குரிய கருவிகளை அறிதல் வேண்டும். கருவிகளை அறிய விரும்புவோர் அவற்றின் பெயர்களை அறிதல் வேண்டும். கடல்தொழிலைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் சங்க நூல்களிலிருந்து சில சான்றுகளை எடுத்துக் காட்டி, தமிழர் கடலோடிகள் என்று பெருமை கூறி அமைந்துவிடுகின்றோம். அக்கடலில் இன்றும் செல்வோர் தம் படகில் என்னென்ன ஏற்றுகின்றனர், அவற்றை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதும் வழக்கம் நம்மிடையே குறைவு.

இக்குறை புலமை உலகோடு நின்றுவிடுவதன்று. படகு உடையோர் எவ்வெக் கருவிகளை உடன்கொண்டு செல்லுதல் வேண்டும் என்பதைத் துண்டறிக்கைகளும் பலகைகளும் இன்று பட்டியலிட்டுக் கூறுகின்றன. அவற்றைத் தமிழில் எழுதுவோர் நம் மாணவராக இருந்தோர். படிப்போர் கடலில் செல்வோர். இருவர்க்கும் பொதுவான சொல் அமையாவிடின், எழுதியதால் விளையும் பயன் யாது? படகிற்கு வேண்டும் கருவிகளை வகைப்படுத்தி, இலக்கியத்தில் அவை பெற்ற பெயர், கரையில் பெறும் பெயர், இன்று அவற்றைக் கொள்ளவேண்டிய முறை ஆகியவற்றை ஒருசேரக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடம்

நாம் எடுத்துக்கொண்ட இடம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. இவ்வுவர்நீர் ஏரி ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உள்ளது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சார்ந்தது. ஆரணியாறு இதனுள் வந்து கலக்கின்றது. முகத்துவாரத்தின் வழியே ஏரிநீரும் கடல்நீரும் ஒன்றுகூடுகின்றன. ஆகவே இங்குள்ளோர்க்கு இருவகை நீர், இருவகைத் தொழில், இருவகைக் கலம். ஆழமற்ற ஏரியில் கோலூன்றிச் செல்பவரும் உண்டு. அலை கடந்து ஆழ்கடல் செல்பவரும் உண்டு.

டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அரபு வணிகத் தொடர்பினை நினைவிற் கொண்ட தமிழ் முசுலிம்களும் இவ்வூரில் நெடுங்காலமாக வாழ்கின்றனர். பல மொழியினரும் வந்து தங்கிய துறையாதலின், கலச்சொற்களில் பிறமொழிச் சொற்கள் கலந்திருத்தல் இயல்பேயாகும்.

இன்று இந்நிலப்பகுதியின் தோற்றம் வேறு. மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் பெருந்துறைமுகங்கள் அமைந்துள்ளன. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கடலினின்று பார்ப்போர்க்குத் தெளிவாகத் தெரிகின்றன. சிறுபடகும் பெருங்கப்பலும் ஒரே நீர்ப்பரப்பில் செல்லவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது. விடுமுறை நாட்களில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துடன் ஏரியைக் காண வருவதும் உண்டு. எனவே, கடல்தொழில் அறியாதோரும் இங்குப் படகில் ஏறுகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

கலவகை

நாவாய், வங்கம், திமில், அம்பி, பஃறி எனப் பழந்தமிழ் நூல்கள் கலங்களைப் பலவாறு வழங்குகின்றன. கடலிற் செல்லும் பெருங்கலம் நாவாய். மீன்பிடிப்போர் கலம் திமில். கழியிலும் ஆற்றிலும் செல்வது பஃறி. உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த பஃறிகள், இலாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோலத் தறிகளில் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துக் கழிக்கும் பழவேற்காட்டுக் கழிக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டெனினும், படகைத் தறியிற் பிணிக்கும் செயல் இன்றும் அதுவேயாகும்.

இக்கரையின் தனிச்சிறப்புடைய கலம் கட்டுமரம். மென்மையான, நீரில் நன்கு மிதக்கும் மரத்துண்டுகளைச் சீவி, ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டுவதால் இப்பெயர் பெற்றது. ஆணி இல்லை, உள்ளே நீர் தங்கும் குழியும் இல்லை. அலை மேலேறிக் கடந்துவிடும். கரைக்கு வந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர வைப்பர். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துள்ளார். இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து, பின்னர் இரட்டை உடல் கொண்ட பாய்க்கலத்திற்குப் பெயராயிற்று. இன்று உலகெங்கும் படகு வாங்குவோர் 'கேட்டமரன்' என்று சொல்லும்போது, கட்டு என்னும் வினையும் மரம் என்னும் பெயரும் அதனுள் இருப்பதை அறியார். சொல் சென்றது, பொருள் கரையில் நின்றது.

சென்னைக் கரையில் வழங்கிய மசூலாப் படகும் ஆணியின்றி அமைந்ததே. பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்து அதனைச் செய்தனர். அலை மோதும்போது தைத்த பலகை வளைந்து கொடுக்கும். ஆணியடித்த பலகையோ பிளந்துவிடும். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த சேம்சு ஆர்னெல் இந்தியக் கலவகைகளின் தோற்றத்தைப் பற்றி 1920இல் விரிவாக எழுதினார். படகின் அமைப்பை ஆராய விரும்புவோர் அந்நூலினின்று தொடங்குதல் நலம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு வார்த்த படகுகள் இக்கரையில் பெருகின. கரையார் அதனைப் 'பைபர்' என்றே வழங்குகின்றனர். கட்டுமரம் குறைந்தது, அதனுடன் மரம் தெரிவு செய்தல், சீவுதல், பிணித்தல் பற்றிய சொற்களும் குறைந்து வருகின்றன. இச்சொற்களை அறிந்தோர் பெரும்பாலும் முதியோர் என்பது நம் கவலைக்குரியது.

செலுத்தும் கருவிகள்

கலத்தைச் செலுத்தும் ஆற்றல் மூன்று: கை, காற்று, பொறி. கையாற் செலுத்துவதற்குத் துடுப்பும் தண்டும் கோலும் வேண்டும். கையிற் பிடித்து நீரைத் தள்ளுவது துடுப்பு; படகின் விளிம்பிற் பொருத்தி வலிப்பது தண்டு; அடிமண்ணில் ஊன்றித் தள்ளுவது கோல். ஏரியில் ஆழம் குறைவாதலின் அங்குக் கோலே தலையாய கருவி. பொறி பொருத்திய படகினரும் கோலைக் கைவிடுதல் கூடாது. சேற்றில் பொறியின் விசிறி சிக்குமிடத்துக் கோல் ஒன்றே துணை செய்யும்.

காற்றாற் செலுத்துவதற்குப் பாயும் பாய்மரமும் வேண்டும். பாய்மரத்தைப் பழந்தமிழர் கூம்பு என்றனர். பாயை இதை என்றும் வழங்கினர். புயலிற் சிக்கிய நாவாயை உவமையாகக் கூறுமிடத்து மதுரைக்காஞ்சி கயிறு, இதை, கூம்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கூறுகின்றது. அவற்றுள் முதலில் அழிவது கயிறு என்பதை நாம் கருதுதல் வேண்டும். புறநானூற்று 30ஆம் பாட்டு, கூம்பும் மேற்பாயும் களையாமல் ஆற்றுமுகத்திற் புகும் பெருங்கலத்தைக் காட்டுகின்றது. பாயைக் களைந்து புகுவதே பொதுவழக்கு என்பதும், அம்முகத்துவாரம் மிக ஆழமுடையது என்பதும் அதனாற் பெறப்படும். அந்நூலின் 66ஆம் பாட்டுக் கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல் கொண்டதைப் பாராட்டுகின்றது.

பாயைத் தாங்கும் குறுக்கு மரத்திற்குப் பருமல் என்றும், பெரிய வடத்திற்கு ஆலாத்து என்றும், கலத்தின் முன்புறத்திற்கு அணியம் என்றும் பெயர்கள் உண்டு. இவை அகராதியில் உள்ளன. ஆயினும் நம் வகுப்பறையில் இல்லை.

பொறியாற் செலுத்துவோர்க்கு வேண்டியவை வேறு. மாற்றுத் தீப்பொறிச் செருகி, விசிறியைத் தாங்கும் மாற்று முளை, எரிபொருளை வடிகட்டும் துணி, இன்றியமையாத திருகுகருவிகள், செல்லும் தொலைவிற்கு வேண்டியதினும் மிகையான எரிபொருள் ஆகியன உடன் இருத்தல் வேண்டும். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என மூன்றாகப் பிரித்து எரிபொருள் கொள்ளுதல் உலகெங்கும் படகோட்டிகள் கைக்கொள்ளும் முறை. பொறி நின்றுவிடின் படகு காற்றின் வயப்படும். ஆதலின் பொறியுடைய படகிலும் இரண்டு துடுப்பேனும் வைத்திருத்தல் வேண்டும்.

படகைத் திருப்பும் கருவியைச் சுக்கான் என்கின்றோம். இஃது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மாலுமி என்னும் சொல்லும் அவ்வாறே அரபு மூலமுடையது. இவற்றைப் பிறமொழிச் சொற்கள் என்று ஒதுக்குவது பொருந்தாது. மீகான், மீகாமன் என்னும் பழஞ்சொற்கள் நமக்கு உண்டெனினும், பன்னூறாண்டுகள் கடலிற் சென்றோர் நாவில் நின்று நிலைத்தவை சுக்கானும் மாலுமியுமே ஆகும்.

நிறுத்தும் கருவிகள்

செலுத்துதற்கு எத்துணைக் கருவி வேண்டுமோ அத்துணைக் கருவி நிறுத்துதற்கும் வேண்டும். நங்கூரம் என்னும் சொல் பாரசீக மொழியினின்று வந்தது என்பர். கல்லைக் கயிற்றிற் கட்டி இறக்குதல் அதனினும் பழைய முறை.

நங்கூரத்தின் எடையைப் பற்றியே பலரும் வினவுவர். கயிற்றின் நீளத்தைப் பற்றி வினவுவோர் சிலரே. நங்கூரம் நிலத்தைப் பற்றுவது அதன் எடையால் மட்டும் அன்று. கயிறு கிடையாக இழுப்பதால் அதன் கொழு மண்ணிற் புதைகின்றது. கயிறு நேராக மேல்நோக்கி நிற்பின் கொழு பெயர்ந்துவிடும். ஆகவே, நீரின் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமுள்ள கயிற்றை விடுதல் வேண்டும். பத்து அடி ஆழத்தில் ஐம்பது அடிக்குக் குறையாத கயிறு வேண்டும் என்பது இதனால் விளங்கும். நங்கூரத்தை அடுத்துச் சிறிது சங்கிலி இணைப்பது, கயிறு பாறையில் தேயாமல் காப்பதுடன் இழுப்பைத் தாழ்த்தவும் செய்யும்.

கயிற்றின் வகையையும் நோக்குதல் வேண்டும். நைலான் கயிறு நீரில் அமிழும்; இழுத்தால் நீளும்; அலையின் அதிர்வைத் தாங்கும். ஆதலின் நங்கூரத்திற்கு அது சிறந்தது. பாலிபுரோப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும். நீரில் வீழ்ந்தோர்க்கு எறிவதற்கு அது ஏற்றது. கடையில் இரண்டும் ஒரே நிறத்தில் கிடைத்தல் கூடும். கரையில் இரண்டும் 'கயிறு' என்னும் ஒரே பெயர் பெறுகின்றன. ஒரு துண்டை நீரிலிட்டுப் பார்ப்பதே எளிய தேர்வு. பெயர் ஒன்றாக இருப்பினும் பயன் வேறாகும் இந்நிலையை நினைவிற் கொள்க. இது பின்னர் நமக்கு வேண்டும்.

திசையும் காற்றும் ஒளியும்

வடகாற்று வாடை, கீழ்காற்று கொண்டல், மேல்காற்று கோடை, தென்காற்று தென்றல் என நாற்றிசைக் காற்றையும் பெயரிட்டழைத்தது நம் மொழி. இலக்கியம் கற்போர்க்கு வாடை பிரிவுத் துயரைத் தரும் காற்று. கடலில் செல்வோர்க்கோ அது படகு இறக்கலாமா என்பதை முடிவு செய்யும் காற்று. ஒரே சொல்லின் இரு பயன்கள் இவை.

முற்காலத்தில் கரையிலுள்ள இரு குறிகளை ஒரு நேர்கோட்டிற் கொண்டு இடம் அறிந்தனர். கலங்கரை விளக்கமும் கோயிற் கோபுரமும் பனைக்கூட்டமும் குறிகளாயின. இன்று அனல்மின் நிலையப் புகைபோக்கியும் குறியாகின்றது. திசைகாட்டியும் செயற்கைக்கோள் வழி இடமறி கருவியும் வந்துள்ளன. பின்னதனைக் கரையார் 'சிபிஎசு' என்றே கூறுவர். மின்கலம் தீர்ந்தால் அக்கருவி பயன்படாது. திசைகாட்டிக்கு மின்கலம் வேண்டா. ஆகவே ஒன்று இருக்க மற்றொன்றை விடுதல் கூடாது.

பெரும்பாணாற்றுப்படை கடற்றுறையில் உயர்ந்த மாடத்தின்மீது இரவில் எரிந்த விளக்கைக் கூறுகின்றது. கலங்கரை விளக்கம் என்னும் தொடரைச் சிலப்பதிகாரத்திற் காண்கின்றோம். கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருளாதலின், கலத்தை அழைக்கும் விளக்கு என அதனை விளக்குவர். அன்று கரை விளக்கேற்றிக் கலத்தை அழைத்தது. இன்று சிறுபடகும் விளக்கேற்றித் தன்னைப் பெருங்கப்பலுக்கு அறிவித்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்திற்கு அருகில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலிற் பரவியதை இக்கரை மறவாது. பெருங்கப்பல்களே ஒன்றையொன்று மோதக் கூடுமாயின், விளக்கற்ற சிறுபடகின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. 1972ஆம் ஆண்டின் உலகப் பொது விதிப்படி பொறிப்படகு வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு விளக்குகளும், வெள்ளை விளக்கும் காட்டுதல் வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த நீளமும், மணிக்கு 7 கடல்மைலுக்கு மேற்படாத விரைவும் உடைய படகு எத்திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றையேனும் காட்டலாம்.

புயலை அறிவிக்கும் முறையில் சொல்லாய்வாளர்க்கு ஒரு நல்ல சான்று உண்டு. துறைமுகங்களில் பகலில் கூம்பும் உருளையும் போன்ற உருக்களையும், இரவில் விளக்குகளையும் உயர்த்தி எச்சரிப்பர். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. இதனைப் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்கின்றோம். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கின்றார்கள்' என்றால் அலுவலரும் அறிவர். செய்தித்தாள் படிப்போரும் அறிவர். எழுத்தறியா மீனவரும் அறிவர். கண்ணாற் கண்ட பொருளைக் கொண்டு அமைந்த பெயராதலின் அது யாவர்க்கும் பொதுவாயிற்று. நல்ல கலைச்சொல்லுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

உயிர் காக்கும் கருவிகள்

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாதுவன் சென்ற கலம் உடைகின்றது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் மலையைச் சேர்கின்றான். கலம் உடைந்தபின் உயிரைக் காப்பது மிதக்கும் பொருள் ஒன்றே என்பதை இக்கதை உணர்த்துகின்றது. அத்தகைய பொருளைப் பழந்தமிழர் புணை என்றனர். திருவள்ளுவர் 306ஆம் குறளில் ஏமப்புணை என்னும் தொடரை ஆள்கின்றார். ஏமம் என்பது பாதுகாவல். இன்றைய உயிர்காப்பு மிதவைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு இல்லை என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணினோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் வேண்டும்.

முதுகலை மாணவர் சிலருடன் நாம் பழவேற்காட்டிற்குச் சென்றிருந்தோம். படகுத்துறையில் ஒரு பலகை, உயிர்காப்பு அங்கி அணிந்தே பயணம் செய்யவேண்டும் என அறிவித்தது. அருகில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டி, பொருள் யாதென வினவினோம். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, "அங்கின்னா கோயில்ல சாமியார் போடுறதுதானே ஐயா?" என்றார். அவ்வூரில் பழைய கிறித்தவக் கோயில் உண்டு. அங்கி என்னும் சொல்லை அவர் கேட்டறிந்த இடம் அதுவே.

படகிற் கிடந்த செம்மஞ்சள் நிறக் கருவியைச் சுட்டி, அதன் பெயரைக் கேட்டோம். "லைப் ஜாக்கெட்டு" என்றார். சுருக்கமாக ஜாக்கெட்டு எனலாமா என்று மாணவி ஒருவர் வினவினார். "வெறும் ஜாக்கெட்டுன்னா பொம்பளைங்க போடுறது கண்ணு. லைப்னு சேத்தாத்தான் இது" என்றார் அவர். அடைமொழி இன்றேல் பொருள் மாறும் என்னும் இலக்கணத்தை அவர் எளிதில் விளக்கிவிட்டார். அதன்பின் நாம் ஏமப்புணை என்னும் சொல்லைக் கூறினோம். அவர் மரியாதையுடன் அதனை ஒருமுறை திருப்பிச் சொல்லி, "அது எந்த ஊருல கிடைக்கும் ஐயா?" என்று கேட்டார். மாணவர் நகைத்தனர். நமக்கு நகை வரவில்லை.

இங்குப் பெயரினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இக்கருவி ஒருவகை அன்று. உலகத் தர அளவின்படி 50 நியூட்டன் மிதப்பாற்றல் உடையது ஒன்று. 100, 150, 275 நியூட்டன் உடையவை வேறு. 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோகிராம் எடையைத் தாங்கும் ஆற்றல். 50 நியூட்டன் உடையது நீந்தத் தெரிந்தவர்க்கு, உதவி அருகிலுள்ள அமைதியான நீரில் பயன்படும் மிதப்புத் துணையே ஆகும். அஃது உணர்விழந்தவரின் முகத்தை மேலே திருப்பாது. 100 நியூட்டனும் அதற்கு மேற்பட்டதும் உடையவையே முகத்தை நீருக்கு மேல் நிறுத்தும் நோக்குடன் அமைக்கப்பட்டவை. கடைகளில் இரண்டும் செம்மஞ்சள் நிறம். இரண்டிற்கும் ஒரே பெயர். கயிற்றிற் கண்ட நிலையே இங்கும் உள்ளது. ஆயின், கயிற்றை நீரிலிட்டுத் தேர்ந்துகொள்ளலாம். இதனைத் தேரும் காலத்தில் ஓர் உயிர் நீரில் இருக்கும்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். ஏரியைக் கண்டு மகிழ வந்தவர்கள் அவர்கள். நீந்தத் தெரியாத குழந்தைகளும் பெண்டிரும் ஏறும் படகிற்கு எவ்வகைக் கருவி வேண்டும் என்பதை அறிவிக்கும் பலகையில், ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டு எழுதப்படுதல் வேண்டும். தலைக்கொன்று வீதம் இருத்தல், குழந்தைகளுக்கு அவர்தம் எடைக்கேற்ற அளவில் இருத்தல், வார்ப்பட்டையை இறுகக் கட்டுதல், ஏறுமுன் அணிதல் ஆகிய நான்கையும் வலியுறுத்துதல் வேண்டும். கவிழ்ந்தபின் அணியலாம் என்று படகின் அடியிற் கிடத்திய கருவியால் பயனில்லை.

முதியவரிடம் இருவகைக் கருவிகளின் வேறுபாட்டையும் விளக்கினோம். பலகையில் எவ்வாறு எழுதினால் விளங்கும் என வினவினோம். அவர் நீண்டநேரம் எண்ணவில்லை. "மயக்கம் போட்டவனையும் மொகம் மேல நிக்க வைக்கிற லைப் ஜாக்கெட்டுன்னு எழுதுங்க. அப்பறம் எந்தக் கடையிலயும் கேட்டு வாங்கிருவாங்க" என்றார். கருவியின் பயனையே அதன் பெயருக்கு அடையாக்கினார் அவர். அகராதியை நாடிய நமக்கு அது தோன்றவில்லை.

துணைக்கருவிகள்

உயிர் காப்பதில் இன்னும் சில கருவிகள் சேர்தற்குரியன. கயிறு கட்டிய வட்ட மிதவை ஒன்று படகின் விளிம்பில், எளிதில் எடுக்கும் நிலையில் இருத்தல் வேண்டும். ஊதல், கண்ணாடி, கைவிளக்கு ஆகியன சிறியவை, விலை குறைந்தவை, ஆயினும் தேடுவோர்க்கு நம் இருப்பைக் காட்டுபவை. செந்நிறத் தீச்சுடர்க் குழல்களின் காலவரம்பை ஆண்டுதோறும் நோக்கி, கடந்தவற்றை மாற்றுதல் வேண்டும்.

கைப்பேசி கரையிலிருந்து சில மைல் தொலைவிற்கே பயன்படும். அதற்கப்பால் கடல்வானொலி வேண்டும். அதன் 16ஆம் வழி உலகெங்கும் இடர் அழைப்பிற்கென ஒதுக்கப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும். 2024இல் வெளியிடப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்னும் மறுமொழியையும் கடலிலிருப்போர்க்குத் தருகின்றது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தோர்க்கு எச்சரிக்கை சென்று சேராமையால் நேர்ந்த இழப்பை எண்ணின் இக்கருவியின் அருமை விளங்கும். கடலோரக் காவற்படையை அழைக்கும் எண் 1554. இவ்வெண்ணைப் படகின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதி வைத்தல் நலம்.

குடிநீர், கெடாத உணவு, காயத்திற்கு மருந்து, கூரிய கத்தி, நீர் இறைக்கும் கலம், ஓட்டையை அடைக்கும் துணியும் பிசினும் ஆகியவற்றையும் விடுதல் கூடாது. அன்று திரும்பும் பயணமாயினும் இரண்டு நாளைக்குரிய நீரை ஏற்றுதல் முன்னறிவுடையோர் செயலாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, கலக்கருவிப் பெயர்களில் பழந்தமிழ்ச் சொல், பிறமொழியிலிருந்து வந்து தமிழான சொல், அண்மையில் வந்த சொல் என மூன்று அடுக்குகள் உள்ளன. கூம்பு முதலடுக்கு, சுக்கான் இரண்டாம் அடுக்கு, பைபர் மூன்றாம் அடுக்கு. மூன்றும் ஆராய்ச்சிக்குரியனவே. இரண்டாவது, கருவி மறையின் பெயரும் மறையும். ஆதலின் கட்டுமரம் கட்டத் தெரிந்தோர் உள்ளபோதே அச்சொற்களைப் பொருள் விளக்கத்துடனும் படத்துடனும் தொகுத்தல் வேண்டும். மூன்றாவது, உயிர் காக்கும் கருவிக்குப் பெயரிடும்போது அப்பெயரைக் கரையில் சொல்லிப் பார்த்து, கரையார் ஏற்றபின்னரே பலகையில் எழுதுதல் வேண்டும்.

ஏமப்புணை என்னும் சொல்லை நாம் இழிவுபடுத்தினோமல்லோம். திருவள்ளுவர் அதனை ஆண்ட காலத்தில், அது கேட்டோர் யாவர்க்கும் விளங்கிய சொல்லாக இருந்திருத்தல் வேண்டும். இன்றேல் உவமை பயன்பட்டிராது. விளங்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்த அவர்தம் நெறியைப் பின்பற்றுவதே அச்சொல்லைப் போற்றும் முறையாகும்.

முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுவோர் எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரையுள்ள குப்பங்களுக்கு ஒருமுறை சென்று வருக. அங்குள்ள முதியோரிடம் அமர்ந்து, படகின் அணியத்திலிருந்து பின்புறம் வரை ஒவ்வோர் உறுப்பையும் சுட்டிப் பெயர் கேட்டெழுதுக. எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்தம் பெறுக. அவ்வாறு தொகுக்கும் சொற்பட்டியல் நம் துறைக்கு ஆய்வேடாகும். கடலுக்குச் செல்வோர்க்கும் ஏரியைக் காண வருவோர்க்கும் எழுதப்படும் அறிவிப்புகளுக்கு அடிப்படையும் ஆகும். இப்பணியை இனியும் காலம் தாழ்த்தாது மேற்கொள்வோமாக.